அளவு ஒத்துவராத தளத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும்? சென்னைக் கட்டுமானங்களுக்கான நில அளவைப் பிழை நீக்கும் வழிமுறை

கட்டுமானத் தளத்தில் அளவுப் பிழை ஓரிடத்தில் பிறந்து வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. மாடிப்படியின் கடைசிப் படி மட்டும் இரண்டு அங்குலம் உயரமாக நிற்கும்போது, பல வாரங்களுக்கு முன் தளமட்டம் குறித்த நாளில்தான் அந்தக் குறை உருவாகியிருக்கும். ஆனால் கண்ணில் பட்ட இடத்திலேயே பூச்சைக் கூட்டியோ சுவரை இழுத்தோ சரிக்கட்டிவிடும் பழக்கம் நம் தளங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அப்படிச் சரிக்கட்டப்பட்ட பிழை தச்சர், தரை ஓடு பதிப்பவர், குழாய் வேலை செய்பவர் என்று ஒவ்வொருவர் கைக்காகப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த அளவு எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கியது, அந்தப் புள்ளி இன்றும் அதே இடத்தில் இருக்கிறதா?

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

பிழை தெரிந்தவுடன் அந்தப் பகுதியில் கான்கிரீட் போடுவதை நிறுத்திவிட வேண்டும். தவறாக இருப்பதாகச் சந்தேகப்படும் முளையை (அளவுப் புள்ளியைக் காட்டத் தரையில் அடித்த கட்டையை அல்லது ஆணியை) யாரும் பிடுங்கக் கூடாது. அதன் தலையில் வேறு நிறம் பூசி அப்படியே விட்டுவிடுங்கள், ஏனெனில் பிழை எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு அந்த முளையே சாட்சி. அடுத்து, குறைந்தது ஐந்தாறு இடங்களில் வரைபட அளவையும் தரையளவையும் எடுத்து, தொடக்கப் புள்ளியிலிருந்து தூரம் கூடும் வரிசையில் எழுதி, வித்தியாசத்தை அருகே குறிக்க வேண்டும்.

இந்தச் சிறிய பட்டியல் பாதி விடையைச் சொல்லிவிடும். எல்லா இடத்திலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், நாடாவின் நுனி, பிரிசத்தின் மாறிலி (ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவைக் கண்ணாடிக்காகத் தூரத்தில் சேர்க்கும் நிலையான திருத்தம்), கருவியின் உயரம் போன்ற ஏதோ ஒன்று ஒரே மாதிரி தவறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தூரம் கூடக் கூட வித்தியாசமும் கூடினால், கோணத்திலோ அளவுவிகிதத்திலோ குறை. ஒழுங்கே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், முளை நகர்ந்திருக்கிறது அல்லது படித்தவரோ எழுதியவரோ தவறியிருக்கிறார். இந்த வகைப்பாட்டைச் செய்யாமல் வித்தியாசத்தை எல்லா அறைக்கும் பங்கிட்டு அடைப்பவர்கள், சரியாக இருந்த அறைகளையும் கெடுத்துவிடுகிறார்கள்.

அறிகுறி: பத்திரமும் பட்டாவும் தரையும் மூன்று பரப்பளவைச் சொல்கின்றன

முதலில் அலகுகளை ஒன்றாக்குங்கள். சென்னையில் பத்திரம் சதுர அடியிலோ கிரவுண்டிலோ எழுதப்பட்டிருக்கும். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். புறநகரில் பேச்சு முழுவதும் சென்ட் கணக்கில் நடக்கும். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. ‘கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட்’ என்று வாய்க்கணக்காகச் சொல்வது அரை கிரவுண்டு மனைக்குப் போதும். பத்து கிரவுண்டு நிலத்தில் அதே கணக்கு 42 சதுர அடியை விழுங்கிவிடும்.

அலகு ஒன்றான பின்னும் வித்தியாசம் இருந்தால், பரப்பு எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு சராசரிகளையும் பெருக்குவதே நம்மிடையே வழக்கம். மனை சரியான செவ்வகமாக இல்லாதவரை இந்த முறை உண்மையான பரப்பைவிட அதிகமாகவே காட்டும். குறைவாக ஒருபோதும் காட்டாது. 30 அடிக்கு 40 அடி என்று நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மூலை 80 பாகையாகச் சாய்ந்திருந்தால், 1200 சதுர அடி என்று நம்பி வாங்கிய இடத்தில் ஏறத்தாழ 1182 சதுர அடிதான் இருக்கும். எனவே ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து, மனையை இரண்டு முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடுவதே சரியான வழி.

பழைய பத்திரங்களில் இன்னொரு பொறியும் உண்டு. ‘40.6’ என்று எழுதியிருப்பது நாற்பது அடி ஆறு அங்குலமா, நாற்பது தசம் ஆறு அடியா என்பதைப் பத்திரத்தின் மற்ற அளவுகளைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். புள்ளிக்குப் பின் 10 அல்லது 11 எங்கேனும் வந்தால் அது பெரும்பாலும் அங்குலக் கணக்கு. இதே குழப்பம் தளத்திலும் நிகழ்கிறது. பொறியாளர் ‘10.10’ என்று சொல்ல, கொத்தனார் பத்தடி பத்தங்குலம் என்று எடுத்துக்கொண்டால் ஒரே அளவில் 8.8 அங்குலம் போய்விடும். தளத்தில் ஒரே அலகு, அதுவும் மில்லிமீட்டர், என்று முதல் நாளே முடிவு செய்வதைக் காட்டிலும் மலிவான பாதுகாப்பு வேறெதுவும் எனக்குத் தெரியாது.

அறிகுறி: பக்கத்து மனைக்காரர் ஆட்சேபிக்கிறார், அல்லது விட வேண்டிய பக்க இடைவெளி போதவில்லை

இங்கே பெரும்பாலும் மதில் சுவரே எல்லையாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும். மதில் சுவர் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் தமக்கு வசதியான இடத்தில் எழுப்பியது. சட்டப்படியான எல்லை அதன் உள்முகமா, வெளிமுகமா, நடுக்கோடா என்பதை அந்தச் சுவர் சொல்வதில்லை. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் இந்த ஐயம் ஒன்றே 23 சென்டிமீட்டர். விதிப்படி விட வேண்டிய பக்க இடைவெளியைச் சட்டபூர்வ எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். மதிலிலிருந்து அளந்து கட்டிவிட்டு, பணி நிறைவுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வேளையில் பத்து சென்டிமீட்டர் குறைகிறது என்று அறிவது மிகத் துயரமான நிலை.

சரிபார்க்கும் முறை இதுதான். மனை அமைந்துள்ள சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தை, அதாவது அந்த எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடத்தை, பெற்றுக்கொள்ளுங்கள். பழைய நகரப் பகுதியாக இருந்தால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் ஆகியவற்றுடன் நகர நில அளவைப் பதிவேட்டையும் எடுங்கள். 2011இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் பழைய வருவாய்க் கிராமத்தின் சர்வே எண்ணே பத்திரத்தில் தொடர்வது வழக்கம் என்பதால், இரண்டு எண்களும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு தரையில் எஞ்சியுள்ள எல்லைக் கற்களில் குறைந்தது மூன்றைத் தேடிப்பிடித்து, அவற்றுக்கிடையேயான தூரங்கள் புலப்படத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு கல்லை நம்பி அளக்கத் தொடங்கக் கூடாது. சாலைப் பணியிலோ வண்டி மோதியோ பெயர்ந்து, நல்லெண்ணத்தோடு யாரோ மீண்டும் நட்டுவைத்த கல்லாக அது இருக்கலாம்.

கற்கள் கிடைக்கவில்லை என்றால் தனியார் அளவையோடு நிறுத்திக்கொள்ளாமல், வருவாய்த் துறையிடம் அத்துக் காட்டக் கோரி விண்ணப்பித்து, அண்டை மனைக்காரர்களின் முன்னிலையில் எல்லையைக் குறித்துப் பெறுவதே நிலையான தீர்வு. தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923 முதல் இருக்கிறது. பழைய ஆவணம், புதிய கருவி என்ற போட்டியில் எல்லையை நிர்ணயிக்கும் அதிகாரம் ஆவணத்துக்கும் அலுவலருக்குமே உண்டு, கருவிக்கு இல்லை. செயற்கைக்கோள் படத்தின் மேல் புலப்படத்தை ஒட்டிப் பார்த்து எல்லை தீர்மானிப்பதை அறவே தவிர்த்துவிடுங்கள்.

அறிகுறி: வரைபடத் தூரமும் நாடாத் தூரமும் ஒத்துவரவில்லை

வித்தியாசம் எல்லா அளவிலும் மாறாமல் 30 மில்லிமீட்டர் அளவில் இருந்தால், டோட்டல் ஸ்டேஷனில் (தூரத்தையும் கோணத்தையும் சேர்த்து அளக்கும் மின்னணுக் கருவியில்) பதிந்திருக்கும் பிரிசம் மாறிலியைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் கருவியோடு வேறொரு நிறுவனத்தின் பிரிசத்தை வாடகைக்கு எடுத்துச் சேர்க்கும்போது இது மிக எளிதாக நிகழ்கிறது. மூன்று புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் வைத்து, முழுத் தூரத்தையும் இரண்டு பகுதித் தூரங்களையும் தனித்தனியே அளந்தால் ஐயம் தீரும்: பகுதிகளின் கூட்டுத்தொகைக்கும் முழுமைக்கும் உள்ள வேறுபாடே மாறிலியின் பிழை. நாடாவில் அளந்திருந்து, மாறாத வித்தியாசம் ஓர் அடி என்றால் அதன் நுனியைப் பாருங்கள். கொக்கி அறுந்த நாடாவை ஓர் அடி விட்டுப் பிடித்து அளந்தவர், கழிக்க மறந்திருப்பார்.

வித்தியாசம் தூரத்தோடு வளர்ந்தால் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். எஃகு நாடா 20 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கென்று அளவிடப்பட்டது. மே மாத நண்பகலில் தரையில் கிடக்கும் நாடா 45 பாகையைத் தொட்டால், 30 மீட்டருக்கு 8 மில்லிமீட்டருக்கும் சற்று மேலாக நீளும். வீட்டு அறைக்கு இது பொருட்டன்று. எஃகுச் சட்டகக் கட்டடத்தின் நங்கூர போல்ட்டுகளுக்கு இது பெரிய பிழை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் நம் பரங்கிமலையருகே இந்தியப் பெரும் முக்கோண அளவையின் அடிக்கோட்டை, சுமார் 7.5 மைல் நீளத்துக்கு, நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தபோது சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்தின் நிழலில் வைத்து, வெப்பமானியைப் படித்துக்கொண்டே அளந்தார். அவருக்கு வெயில் தந்த தொல்லையை அதே மண்ணில் நமக்கும் தருகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உழைப்பின் மீது மரியாதை கூடுகிறது.

ஜி.பி.எஸ். வழியாகப் பெற்ற ஆயத்தொலைவுகளை அப்படியே வரைபடமாக்கியிருந்தால் வேறொரு காரணமும் உண்டு. சென்னை யு.டி.எம். (உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கும் வரைபட முறை) 44ஆம் மண்டலத்தில், மைய நெடுவரையான 81 பாகைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. இந்த இடத்தில் கட்டவரைத் தூரம் (அந்த வரைபடத் தளத்தில் கணக்கிடும் தூரம்) தரைத் தூரத்தைவிட கிலோமீட்டருக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் குறைவு. நூறு மீட்டருக்கு 3 சென்டிமீட்டர். இருவரும் சரியாக அளந்திருந்தும் நாடா பிடிப்பவரும் கருவி பிடிப்பவரும் சண்டையிடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. தளத்துக்கென்று தரையளவில் தனி ஆயத்தொலைவு அமைப்பை நிறுவி, எல்லா வரைபடங்களையும் அதற்கு மாற்றிக்கொள்வதே தீர்வு. பாதி வரைபடம் ஓர் அமைப்பிலும் மீதி இன்னொன்றிலும் இருக்க விடாதீர்கள்.

அறிகுறி: மூலைகள் சதுரமாக இல்லை, தூண்கள் நூலுக்கு வெளியே நிற்கின்றன

அரை கிரவுண்டு மனைக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 30க்கு 40 அடி என்றால் மூலைவிட்டம் மிகச் சரியாக 50 அடி. கொத்தனார்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தும் 3-4-5 மூலைமட்டத்தின் பத்து மடங்கு அது. இரண்டு மூலைவிட்டங்களும் 3 அங்குலம் வேறுபட்டால், பின்பக்கக் கோடு முழுவதும் இரண்டரை அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஆனால் மூலைவிட்டங்கள் சமமாக இருப்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது; முன்பக்கம் குறுகி, பின்பக்கம் அகன்று, இருபுறமும் ஒரே அளவாகச் சரிந்த வடிவத்திலும் அவை சமமாகவே இருக்கும். நான்கு பக்கத்தையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும்.

தூண்கள் கருவிக்கு அருகே சரியாகவும் தொலைவில் போகப் போகத் தவறாகவும் இருந்தால், பின்னோக்குப் புள்ளி (கருவியின் திசையை நிறுவ முதலில் நோக்கும் தெரிந்த புள்ளி) மிக அருகில் இருந்திருக்கிறது. 10 மீட்டரில் உள்ள முளையை 5 மில்லிமீட்டர் தவறி நோக்கிவிட்டு, 60 மீட்டரில் தூணைக் குறித்தால், அந்தத் தூண் 30 மில்லிமீட்டர் விலகி நிற்கும். குறிக்கப்போகும் புள்ளிகளைக் காட்டிலும் தொலைவான இடத்தையே பின்னோக்கத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்தடுத்த வீடுகள் நெருங்கி நிற்கும் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற இடங்களில் மனைக்குள் அதற்கு வழியிராது. எதிர்வீட்டுச் சுவரில் உரிமையாளரின் ஒப்புதலோடு ஒட்டும் பிரதிபலிப்புத் தாள் நன்றாகவே உதவும்.

தூண் எவ்வளவு விலகினால் ஏற்கலாம் என்பது தள அளவையாளர் முடிவு செய்யும் விஷயமன்று. அடித்தளத்தின் மையவிலகலுக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) தரும் வரம்பு, விலகிய திசையில் அடித்தள அகலத்தின் 0.02 பங்கு, அதுவும் 50 மில்லிமீட்டருக்கு மிகாமல். ஒன்றரை மீட்டர் அடித்தளத்துக்கு அது 30 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினால் கம்பியை வளைத்துத் தூணை நூலுக்குள் இழுக்கும் வேலையைத் தடுத்து, வடிவமைப்புப் பொறியாளரிடம் அளவுகளை எழுத்தில் கொடுங்கள்.

அறிகுறி: மட்டங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன

சென்னையில் நான் அதிகம் சந்தித்தது இந்த அறிகுறியைத்தான். வேளச்சேரிப் பக்கம் நான் பணியாற்றிய ஒரு தளத்தில், தெருச் சாக்கடை மூடியின் விளிம்பில் ஆதார மட்டத்தை (மற்ற உயரங்களை எல்லாம் அளக்கத் தொடங்கும் புள்ளியை) குறித்திருந்தோம். முதல் கட்டடத்தின் பீடம் (தரைத்தள அடிமேடை) முடிந்தது. மழைக்காலம் கழிந்து சாலையைப் புதிதாகப் போட்டபோது மூடியையும் உயர்த்தி வைத்தார்கள். இரண்டாவது கட்டடத்தின் பீடம் 11 சென்டிமீட்டர் உயரமாக வந்த பிறகே எங்களுக்கு அது தெரிந்தது. இரண்டையும் இணைக்கும் நடைபாதையில் எந்தத் திட்டத்திலும் இல்லாத ஒரு படி இன்றும் இருக்கிறது. குறித்தது நான், அதை இரண்டாவது இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காததும் நான்.

அதனால் சொல்கிறேன்: சாலை, சாக்கடை மூடி, மின்கம்ப மேடை, புதிதாகக் கட்டிய மதில் ஆகிய எதையும் ஆதார மட்டமாகக் கொள்ளாதீர்கள். நம் சாலைகள் மேலே மேலே போடப்பட்டு உயர்கின்றன. புதிய மதில் களிமண்ணில் இறங்குகிறது. நன்கு இறுகி நிற்கும் பழைய கட்டடத்தின் பீடத்தில் ஒன்று, தளத்துக்கு வெளியே இன்னொன்று, வேறு திசையில் மூன்றாவது என்று குறைந்தது மூன்று ஆதாரப் புள்ளிகளை அமைத்து, மாதம் ஒரு முறையும் பெருமழைக்குப் பின்பும் அவற்றுக்கிடையேயான வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று நகர்ந்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும்.

ஆதாரப் புள்ளிகள் அசையவில்லை, ஆனாலும் முரண் என்றால் ஆட்டோ லெவலை (உயர வித்தியாசத்தை அளக்கும் தொலைநோக்கிக் கருவியை) சோதிக்க வேண்டும். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடித்து, சரியாக நடுவில் கருவியை வைத்து உயர வித்தியாசத்தைப் படியுங்கள், 0.850 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கருவியை ஒரு முளையை ஒட்டி நிறுத்தி மீண்டும் படியுங்கள். 0.862 வந்தால், கருவியின் பார்வைக்கோடு 60 மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது. பழுது பார்க்க அனுப்பும்வரை வேலை நிற்கத் தேவையில்லை; முன்னோக்கும் பின்னோக்கும் (அளக்க வேண்டிய புள்ளியும் மட்டம் தெரிந்த புள்ளியும்) சம தூரத்தில் இருக்குமாறு கருவியை நிறுத்தினால் அந்தச் சாய்வு தானாகவே கழிந்துவிடும். தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து முடிக்கும்போது, சுற்றின் கிலோமீட்டர் நீளத்துக்கு வர்க்கமூலம் கண்டு 12ஆல் பெருக்கி வரும் மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருக்க வேண்டும். கால் கிலோமீட்டர் சுற்றுக்கு 6 மில்லிமீட்டர்.

ஜி.பி.எஸ். கருவி கடலோர மனைக்கு மைனஸ் எண்பது மீட்டருக்கும் கீழான உயரத்தைக் காட்டுகிறது என்று சிலர் பதறுகிறார்கள். கருவி கெட்டுப்போகவில்லை. அது பூமியின் வடிவத்துக்கு ஈடாகக் கொண்ட கணித நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. உலகிலேயே புவியீர்ப்புச் சமமட்டம் (கடல்மட்டம் இயல்பாக அமையும் பரப்பு) மிகத் தாழ்ந்திருக்கும் பகுதி நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருப்பதால், சென்னையிலும் சராசரிக் கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு வெகு கீழே அமைகிறது. வெள்ள மட்டத்தையும் பீட மட்டத்தையும் ஒப்பிடும்போது இரண்டும் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து சொல்லப்பட்டவைதானா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பீடத்தை எவ்வளவு உயர்த்துவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் எதிலிருந்து உயர்த்துவது என்று கேட்பவர் மிகக் குறைவு.

அறிகுறி: கழிவுநீர் திரும்பி வருகிறது

குழாய்க்காரரைக் குறை கூறும் முன் தெருக் கழிவுநீர்த் தொட்டிக்குள் குழாயின் அடிமட்டத்தை அளந்து பாருங்கள். வீட்டின் கடைசி இணைப்பிலிருந்து தெருவரை 12 மீட்டர், சரிவு 60க்கு 1 என்றால், 200 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும். பீடத்தின் உயரத்தை முடிவு செய்வதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய அளவு இது.

அறிகுறி: மண்ணை எடுத்த பிறகு, பைல்கள் இடம் மாறி நிற்கின்றன

எல்லாப் பைல்களின் (கட்டடத்தைத் தாங்க மண்ணில் ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண்களின்) தலை மையத்தையும் உடனே அளந்து, விலகலை அம்புக்குறியாக வரைபடத்தில் போடுங்கள். அம்புகள் அனைத்தும் ஒரே திசையில் ஒரே நீளத்தில் இருந்தால், குறிக்கும்போதே தவறு. திசைக்கொன்றாக இருந்தால், துளையிடும் இயந்திரம் நழுவியிருக்கிறது. குழியை நோக்கிச் சாய்ந்து, குழிக்கு அருகே வர வர நீண்டால், மண்ணே நகர்ந்திருக்கிறது. பள்ளிக்கரணையைச் சூழ்ந்துள்ள மென்களிமண் பகுதிகளில், ஒரு பக்கம் மட்டும் ஆழமாகத் தோண்டி, எடுத்த மண்ணை மறுபக்கத்தில் குவித்தால் பைல்கள் தள்ளப்படும். அந்த நிலையில் அளவையைத் திருத்திப் பயனில்லை. குவித்த மண்ணை அகற்றி, அடுக்கடுக்காக இருபுறமும் சமமாகத் தோண்ட வேண்டும்.

ஐ.எஸ். 2911இன்படி, 600 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள பைலுக்கு அனுமதிக்கப்படும் விலகல் 75 மில்லிமீட்டர் அல்லது விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அது. பைல் தலைகளை இணைக்கும் மூடித்தொப்பிக்குக் கம்பி கட்டும் முன் இந்த அளவுகள் வடிவமைப்பாளர் கையில் இருந்தாக வேண்டும்.

அறிகுறி: மாடிக்கு மாடி தூண் நகர்கிறது

கீழ்மாடித் தூணிலிருந்து மேல்மாடிக்குத் தூக்குக்குண்டு விட்டால், ஒவ்வொரு மாடியின் பிழையும் அடுத்ததன் மேல் ஏறும். ஒவ்வொரு கூரைத் தளத்திலும் ஒரே நேர்செங்குத்தில் 15 சென்டிமீட்டர் சதுரத் திறப்புகளை விட்டு, தரைத்தளத்தில் பதித்த புள்ளியிலிருந்தே ஒவ்வொரு முறையும் மேலே கொண்டுசெல்ல வேண்டும். டோட்டல் ஸ்டேஷனில் செய்தால் இடமுகம், வலமுகம் (தொலைநோக்கியைப் புரட்டித் திருப்பி) இரண்டிலும் நோக்கிச் சராசரி எடுங்கள். உயரமான கட்டடத்தில் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் சூடேறும் கட்டடம் உண்மையாகவே மெல்ல வளைகிறது.

அறிகுறி: நாம் தோண்டத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல்

விரிசல் பழையதா புதியதா என்ற வழக்கு, தோண்டுவதற்கு முன் எடுத்த அளவுகள் இருந்தால் மட்டுமே தீரும். பக்கத்து வீட்டின் மூலைகளில் மட்டக் குறிகளையும் சுவரில் பிரதிபலிப்புத் தாள்களையும் ஒட்டி, தேதியிட்ட படங்களோடு முதல் அளவை உரிமையாளர் முன்னிலையில் எடுத்துக் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். ஒப்பீட்டுக்கான ஆதாரப் புள்ளிகள் குழியின் ஆழத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளி இருக்க வேண்டும். குழியோடு சேர்ந்து ஆதாரமும் இறங்கினால் எதுவும் இறங்காததுபோல் தோன்றும்.

அந்த முதல் அளவு எடுக்கப்படாமலேயே பாதி தோண்டியாகிவிட்டது என்றால், அதை மறைக்காமல் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி, விரிசலின் இரு முனைகளிலும் தேதியோடு கோடிட்டு, குறுக்கே இரண்டு ஆணிகளை அறைந்து அவற்றின் இடைவெளியை இன்றே அளந்து எழுதுங்கள். நாளைக் காலையும் மாலையும் அதே ஆணிகளை மீண்டும் அளந்து, இடைவெளி கூடுகிறதா என்று தெரியும்வரை தோண்டும் இயந்திரத்தை நிறுத்தி வையுங்கள்.